புதியதைவிடப் புதியது

மூச்சை நிறுத்தினால் நாற்பது விநாடி. கருவியின் மூக்கைப் பீங்கான் மடலின் மேல் படிய வைத்து, பொத்தானை அமுக்கி, முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நாற்பது விநாடி சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை என்பதை அங்கயற்கண்ணி இந்தப் பதினோரு வருஷத்தில் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தாள். மூச்சு விட்டால் போச்சு. மனுஷர் விடுகிற மூச்சு அந்த அகச்சிவப்பு ஒளிக்குக் குறுக்கே விழுந்து, திரையில் ஓடும் கோட்டில் எலிப்பல் மாதிரி இரண்டு பல்லாக முளைத்துவிடும். மூச்சு மட்டுமா, தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய்கூட வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையுறை போட்ட கையால் முன்மயிரை ஒதுக்கிவிட்டு அதே கையால் மடலைத் தொட்டுவிட்டாள். ‘யாரும்மா இங்க எண்ணெ வெச்சுக்கிட்டு வந்தது?’ என்று அவள் பக்கம் திரும்பாமலே, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார் மேலதிகாரி கோதண்டராமன் சார். காது நுனி வரைக்கும் சுட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவிர எண்ணெய் கிடையாது, நெற்றி வருஷத்துக்கு ஒரு நூல் மேலே ஏறுவது அதனால்தான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். பதினெட்டு, பத்தொன்பது. ஜன்னலுக்கு வெளியே ஒசூர்ப் பக்கத்து ஐப்பசித் தூறல், ஓசையே இல்லாமல். தூறலுக்கு அப்பால், அரை கிலோமீட்டர் தள்ளி, விமான இன்ஜின் ஓட்டிப் பார்க்கிற கொட்டகையின் புகைபோக்கி. பன்னிரண்டு மணிக்கு ஓட்டப்போகிறார்கள். பதினொன்றேமுக்காலுக்குச் சங்கு ஊதும். இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. முப்பத்தொன்பது, நாற்பது. மூச்சை விட்டாள். திரையைப் பார்த்தாள். மைனஸ் மூன்று.

‘பாஸ்தானே? கையெழுத்தப் போடு, டீ ஆறுது’ என்றாள் எதிர் மேஜையிலிருந்து சகாயராணி. பத்து வருஷமாக எதிர் மேஜை. இவள் ஸ்கேன் செய்வாள், அவள் பதிவேட்டில் ஏற்றுவாள். பாஸ்தான், சந்தேகமில்லை. ப்ளஸ் இரண்டு வரைக்கும் பாஸ். பேனாவைத் திறந்தாள். மேஜைமேல் அந்த மடல் சாம்பல் நிறத்தில், சமோசாவின் ஒரு பக்கத்தை நீட்டி வைத்ததுபோலக் கிடந்தது. இன்ஜினின் வால்பக்கத்து வாயைச் சுற்றி இப்படிப் பதினாறு மடல்கள். ஆயிரம் டிகிரிக்கும் மேலான நெருப்பு முகத்தில் அடிக்க அடிக்கத் தாங்க வேண்டியவை. இரும்பு தாங்காது என்றுதான் பீங்கானுக்குள் பீங்கான் நூலைப் பின்னிச் சுட்டு எடுக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே என்ன என்று தெரியும், ஆனால் உடைத்த மடலை வைத்து என்ன செய்ய? அதனால் உடைக்காமல் பார்க்க வேண்டும். ஒளியைப் போட்டு, திரும்பி வருவதைக் கோடாக இழுத்துப் பார்ப்பது. அளவுக்கு மீறிச் சூடு பட்ட மடலின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பூச்சு ஒன்று படரும், அது படர்ந்தால் கோட்டில் ஓர் இடத்தில் மாட்டுக்குத் திமில் மாதிரி ஒரு மேடு எழும். மேடு பெரிதானால் மடல் பழுது. எவ்வளவு பெரிது என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கென்று ஒரு துண்டு உண்டு. உள்ளங்கை அகலம், வெல்வெட் போட்ட பெட்டிக்குள் இருக்கும், ஒரு நாளும் நெருப்பைப் பார்க்காத கன்னித் துண்டு. பெட்டியையும் வெல்வெட்டையும் பார்த்து அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவள் சகாயராணி. தினம் காலையில் முதல் வேலை மாப்பிள்ளையைக் கருவிக்குக் காட்டுவது. மாப்பிள்ளைதான் பூஜ்யம். அவரைவிட எவ்வளவு மேடு அதிகம் என்பதுதான் எண். மைனஸ் மூன்று என்றால் மாப்பிள்ளையைவிட மேடு குறைவு. ரொம்ப நல்லது. பேனா காகிதத்தில் பட்டது, ‘சு’ போட்டாள், ‘அ’ போட்டாள், அங்கேயே நின்றது. ரொம்ப நல்லது என்றால்? இது இப்போதுதான் செய்த இடத்திலிருந்து வந்த புது மடல், பஞ்சும் தாளும் பிரித்து அரை மணி ஆகவில்லை. மாப்பிள்ளையும் புதுசு. புதுசைவிடப் புதுசாக ஒரு சாமான் எப்படி இருக்கும்?

இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது, பூச்சை மாற்றியிருப்பார்கள், இப்போதெல்லாம் எல்லாம் மேம்படுகிறது. போன வாரமும் மைனஸ்தான் வந்தது. ஏற்கெனவே ஓடிக் களைத்துத் திரும்பி வந்த பதினாறு மடல்களை மறுபடி பூட்டலாமா என்று பார்த்தார்களே, அப்போது பதினாலு மடல் மைனஸ் மூன்று, மைனஸ் இரண்டு. கோதண்டராமன் சார் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பரவால்லையேம்மா, நம்ம சாமான் நாளுக்கு நாள் இளமையாவுது’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவளும்தான் சிரித்தாள். ப்ளஸ் ஐந்து வந்திருந்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள், கருவியைத் துடைத்தாயா, கையுறை மாற்றினாயா, மூச்சு விட்டாயா என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள். நல்ல எண் வந்தால் கேட்க ஒரு நாதியில்லை. அந்தப் பதினாறில் இரண்டு மட்டும் பூஜ்யம். நாலாம் நம்பரும் பதினோராம் நம்பரும். மாப்பிள்ளையோடு அச்சு அசலாக ஒட்டிப்போன இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஒரே கோடு. அழகாக இருக்கிறதே என்று அவற்றுக்கு மட்டும் டிக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள். அந்தப் பதினாறும்தான் இப்போது கொட்டகையில், இன்ஜினில். காலையில் கம்பெனி பஸ்ஸில் முனிரத்தினம் ஏறி, ஈரக் குடையை உதறி முன் சீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொட்டகையில் இருபது வருஷ ஆள். இன்ஜினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் மெதுவாக உறும விடுவார்கள், அப்போது எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று பக்கத்தில் போய்ச் சுற்றி வந்து பார்க்கிறவன் அவன்தான். ‘மடலெல்லாம் நீங்க பாத்ததுதானேக்கா?’ என்று கேட்டான். ஆமாம் என்றாள். ‘அப்ப சரி’ என்று சொல்லிவிட்டு சூளகிரி வருகிற வரைக்கும் வாயைத் திறந்து தூங்கினான். அப்ப சரி. அந்த இரண்டு வார்த்தையைக் காலையிலிருந்து பெருமையாகத்தான் சுமந்துகொண்டு திரிந்தாள்.

‘என்ன, பேரு மறந்துபோச்சா?’ என்றாள் சகாயராணி. அங்கயற்கண்ணி ‘சு. அ’ என்று பாதியில் நின்ற தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கோழி கிளறினாற்போல ஒரு கிறுக்கலோடு முடித்துக்கொள்வார்கள், இவள் மட்டும் பத்திரம் பதிகிறவள் மாதிரி முழுப் பெயரையும் எழுதுவாள், கடைசி ‘ணி’யின் வளைவை ஒரு சுற்றுச் சுற்றி விடுவாள். இந்தக் கையெழுத்தால்தான் மகள் தேன்மொழி ஏழாம் வகுப்பில் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டாளா? இல்லை, அப்போது மாட்டிக்கொண்டது அவள் இல்லையே, மாட்டியது நானல்லவா. முதல் பருவத்தில் கணக்கில் இருபத்தெட்டு வாங்கிவிட்டு, அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று ரேங்க் கார்டில் மகளே அம்மா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கிளாஸ் டீச்சர் அதுதான் அம்மாவின் கையெழுத்து என்று நம்பி, மாதிரிக்கு வைத்துக்கொண்டார். அரையாண்டில் நல்ல மார்க். பெருமையாக நீட்டினாள், இவளும் பெருமையாக, வளைவை இன்னும் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிப் போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன். ‘உங்க பொண்ணு உங்க கையெழுத்தக் கள்ளத்தனமா போட்டிருக்கா, வந்து பாருங்க.’ அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள். டீச்சர் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மகள் போட்ட திருட்டுக் கையெழுத்து நல்லது, தாய் போட்ட நிஜக் கையெழுத்து பொய். ‘இது நான் போட்டதுங்க’ என்று சொன்னபோது, பெற்றவள் பிள்ளைக்காகப் பொய் சொல்கிறாள் என்று டீச்சர் கண்ணில் ஒரு இரக்கம் வந்ததே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக வரும். எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்த கதை. இப்போது சிரிப்பு வரவில்லை. டீச்சர் கண்ணில் கோளாறு இல்லை, ஒப்பிட்டுப் பார்த்ததிலும் கோளாறு இல்லை, வரிக்கு வரி ஒழுங்காகத்தான் பார்த்தார். கையில் வைத்திருந்த மாதிரிதான் திருட்டு. மாதிரி திருட்டாக இருந்தால் நிஜம் எல்லாம் தப்பாகத் தெரியும். திருட்டு மட்டும் அச்சு அசலாகப் பொருந்தும்.

நாலாம் நம்பர். பதினோராம் நம்பர். வேண்டாம், அவசரப்படாதே. மாப்பிள்ளை பெட்டியை விட்டு எங்கே போனார்? போகவில்லை. தினமும் அவளேதான் எடுக்கிறாள், அவளேதான் வைக்கிறாள், சாவிகூட அவள் கைப்பையில். போகவில்லையா? ஒன்பது நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை. காலையிலிருந்து ஒரே அமர்க்களம், கருவிக்கு மாலை, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ஸ்பேனர் முதல் துடைக்கிற துணி வரைக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் பரப்பினார்கள். சகாயராணி தன் பங்குக்கு ஒரு மேரி மாதா படத்தையும் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். மாப்பிள்ளை இல்லாமல் பூஜையா என்று யாரோ கேட்க, வெல்வெட் பெட்டியைத் திறந்தாள். பக்கத்துப் பெட்டியையும் திறந்தாள். அதில் இன்னொரு துண்டு, அதே சாம்பல் நிறம், அதே உள்ளங்கை அகலம். அது நூறு மணி நேரம் உலையில் கிடந்த துண்டு, வெந்துபோனால் திமில் எப்படி எழும் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருப்பது. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க பிரம்மாவால்கூட முடியாது, முதுகில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்ததுதான் அடையாளம். முகத்தில் சந்தனம் படக் கூடாதே என்று, ஆமாம், அவளே, அவ்வளவு ஜாக்கிரதையாக, இரண்டையும் குப்புறப் போட்டு முதுகில் பொட்டு வைத்தாள். முகத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. சாயங்காலம் பொரி தின்ற கையைக் கழுவிவிட்டு வந்து, காய்ந்த சந்தனத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தபோது சந்தனத்தோடு பென்சிலும் போனது. ஒன்றும் போனது, இரண்டும் போனது. அதனால் என்ன, இடது கைப்பக்கம் வைத்தது மாப்பிள்ளைதானே என்று, கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல், பென்சிலைச் சீவி, அழகாக, தன் முத்து முத்தான கையெழுத்தில் ஒன்று என்று எழுதினாள். இரண்டு என்று எழுதினாள். நடுவில் தேங்காய் உடைக்க இடம் வேண்டுமென்று யாராவது துணியை இழுத்தார்களா, திருப்பினார்களா, கடவுளுக்கே வெளிச்சம். திருப்பியிருந்தால் இடது வலது. வலது இடது.

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. இதெல்லாம் வெறும் நினைப்பு, நினைப்பை வைத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்த முடியாது. ஆனால் நினைப்பைச் சோதிக்க நாற்பது விநாடி போதும். எழுந்து இரண்டாவது பெட்டியைத் திறந்தாள். துண்டின் முதுகில் அவள் எழுதிய இரண்டு, வாலைச் சுழித்துக்கொண்டு லட்சணமாக இருந்தது. இது நூறு மணி வெந்த துண்டுதான் என்றால் திமில் மேலே எழ வேண்டும், ப்ளஸ் மூன்று காட்ட வேண்டும். கருவியின் மூக்கைப் படிய வைத்தாள், பொத்தானை அமுக்கினாள், முகத்தைத் திருப்பினாள். ப்ளஸ்ஸாக வா. ஒன்று, இரண்டு. ப்ளஸ்ஸாக வந்துவிடு, நான் பைத்தியக்காரி என்று ஆகிவிட்டுப் போகிறது, டீயைச் சுட வைத்துக் குடித்துக்கொள்கிறேன். கை நடுங்கினால் மூக்கு நகரும், நகர்ந்தால் கோடு கலையும். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். மைனஸ் என்றால் என்ன ஆகும்? கோதண்டராமன் சார் குரல் இப்போதே காதில் கேட்டது, நிஜத்தைவிடத் தெளிவாக: ‘பொட்டு வெச்சு இன்ஜினை நிறுத்தின முதல் ஆள் நீதாம்மா.’ கான்டிராக்டில் ஒன்பது வருஷம், நிரந்தரமாகி இரண்டே வருஷம், அதற்குள் ஒன்பது நாளாகப் போட்ட கையெழுத்து அத்தனையும் செல்லாது என்று தானே எழுதிக் கொடுக்க வேண்டும். பதினாலு. பதினைந்து. எழுதாமல் விட்டால்? இன்றைக்கு ஒரு ஓட்டம்தானே, எல்லா மடலுமா தெறிக்கப் போகிறது, இரண்டுதானே, அந்த இரண்டும் இன்னும் பத்து ஓட்டம் தாங்கினாலும் தாங்கும். தாங்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? வாயைத் திறந்து தூங்கினானே, அந்த முனிரத்தினம் மடலுக்கு எதிரே எண்ணெய்க் கசிவைத் தேடிக் குனிவான். வெந்த பீங்கான் வளையாது, முனகாது, முன்கூட்டி ஒரு சொல் சொல்லாது. ஒரு நொடியில் சில்லு சில்லாகப் போகும். இருபத்தெட்டு. பயமாக இருந்தது. சின்ன வயசில் கிணற்றை எட்டிப் பார்த்தபோது வந்த பயம். இருக்கட்டும், பயத்துக்கும் கைக்கும் சம்பந்தமில்லை, கை அசையாமல் இருந்தால் போதும். முப்பத்தாறு. எது வந்தாலும் வந்ததைச் சொல்வேன். நல்ல எண் வந்தபோது கேட்காமல் விட்டேன், இப்போது வருவதைச் சொல்லாமல் விட மாட்டேன். நாற்பது.

மைனஸ் மூன்று. கையெழுத்துப் போடாமல் விட்ட புது மடலும் மைனஸ் மூன்று, வெந்துபோனதாகச் சொல்லப்பட்ட துண்டும் மைனஸ் மூன்று. அப்படியானால் மாப்பிள்ளை என்று வெல்வெட்டில் படுத்திருந்தவர்தான் வெந்தவர். ஒன்பது நாளாக வெந்ததை வைத்து நல்லதை அளந்திருக்கிறாள். அதோடு அச்சு அசலாகப் பொருந்திய நாலும் பதினொன்றும் உள்ளபடி ப்ளஸ் மூன்று, பெரிய டிக் போட்ட அந்த இரண்டுதான் பழுது. சகாயராணி எழுந்து வந்து தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். அவளும் இதே வேலையில் மயிர் நரைத்தவள், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘அய்யோ மாதாவே’ என்றாள். அப்புறம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ‘கண்ணி, இங்க பாரு. இன்னிக்கு ஓட்டம் முடியட்டும். சாயங்காலம் மடலக் கழட்டுவாங்கல்ல, அந்த ரெண்டையும் நாம ஏதாவது சொல்லி ஒதுக்கிடலாம். துண்ட மாத்தி வெச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது? எழுதிக் குடுத்தா உன் தலைதான் உருளும்.’ அவள் கெட்டவள் இல்லை. போன வருஷம் தேன்மொழிக்கு டெங்கு வந்தபோது ராத்திரி பகலாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள். பிரியத்தால்தான் சொல்கிறாள், அதனால்தான் கேட்கவே கூடாது என்று அங்கயற்கண்ணிக்குப் பட்டது. ‘உருளட்டும். உலைக்குள்ளயா போகப்போவுது?’ என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

அப்போது சங்கு ஊத ஆரம்பித்தது. மணி பதினொன்றேமுக்கால். சுவரில் ஒரு போன் தொங்கியது, கொட்டகைக்கு நேர் லைன்; சாமான் மேல் கையெழுத்துப் போட்டவர் யாராக இருந்தாலும் அந்தப் போனில் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லலாம் என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் விதி எழுதி மாட்டியிருந்தது. பதினோரு வருஷத்தில் அதில் யாரும் நிறுத்தச் சொல்லி அவள் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் குழம்பு என்ன என்று கேட்கத்தான் எடுப்பார்கள். கையுறையைக் கழற்றினாள், உள்ளங்கை வேர்வையில் ஊறியிருந்தது. நாலு அடி நடந்தாள். ரிசீவர் குளிர்ச்சியாக இருந்தது. மணி அடித்தது, மறுபடி அடித்தது, மறுபடி. எல்லோரும் வெளியே ஒதுங்கிக்கொண்டிருப்பார்கள், யார் எடுப்பார்கள், எடுங்களேன், யாராவது எடுங்களேன். எடுத்தார்கள். காதுக்குள் சங்குச் சத்தம் பிளந்தது, அதன் மேலே ஏறிக் கத்தினான் முனிரத்தினம்.

‘ஹலோ! டெஸ்ட் பெட்!’

‘முனிரத்தினம், நான் அங்கயற்கண்ணி. ஓட்டாதீங்க. நிறுத்துங்க.’

‘என்னாக்கா? சரியா கேக்கல!’

‘நிறுத்துங்கன்னேன். மடல் சரியில்ல. நாலாம் நம்பரு, பதினோராம் நம்பரு. யாரும் பக்கத்துல போகாதீங்க.’

‘எல்லாம் நீங்க பாத்ததுதானேக்கா?’ என்றான். குற்றம் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

‘நான் பாத்ததுதான்’ என்றாள். ‘நான் தப்பாப் பாத்தேன். அதனாலதான் நானே சொல்றேன், நிறுத்துங்க. பதினாறையும் கழட்டி எடுத்துட்டு வாங்க, மறுபடி பாக்கறேன்.’

ரிசீவர் எதன் மேலேயோ மோதுகிற சத்தம், அவன் யாரையோ கூப்பிடுகிற சத்தம். முதலில் போனுக்குள் சங்கு நின்றது. ஜன்னல் வழியாக வந்த சங்கு அதற்கு ஒரு விநாடி கழித்து, அரை கிலோமீட்டர் தூறலைத் தாண்டி வந்து, அதுவும் நின்றது.